சம்பந்தி வீட்டார் கடைத்தெருவோடு திரும்பிய விஷயம்

அரியலூர்,
சுபானு வருஷம் தை மாதம், சந்தைக்கு மறுநாள்.

பெரம்பலூர் சம்பந்தி இராமலிங்கம் அவர்களின் மேலான சமூகத்துக்கு, வைரக்கண்ணு கைகூப்பி எழுதிக்கொண்டது. இங்கே எல்லோரும் சௌக்கியம். கொட்டிலில் நிற்கும் தங்கள் மாடும் சௌக்கியம். நிச்சயதாம்பூலமே நடக்காதபோது சம்பந்தி என்று எப்படி எழுதலாம் என்று தாங்கள் கேட்கக்கூடும். நடந்துவிடும் என்ற தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நேற்று நடந்தது தங்களுக்கு அவமானமாகப் பட்டிருக்கிறது. அது அவமானமல்ல, திட்டம். சந்தை நாளில் எங்கள் கடைத்தெருவில் மாட்டு வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்கிற நிற்பில், உப்பு வாங்கப் போனவன் குழம்பு ஆறின பிறகுதான் வீடு திரும்புவான். இதற்கென்று நெரிசல் ஒழிப்புக் கமிட்டி ஒன்று வைத்திருக்கிறோம். நான்தான் தலைவர், மற்றவர்கள் கூட்டத்துக்கு வருவதில்லை. வெளியூர் வண்டியெல்லாம் ஊருக்கு மேற்கே புளியந்தோப்பில் நிற்க வேண்டியது, ஆட்கள் இறங்கி பஸ்ஸில் ஏறி ஊருக்குள் வர வேண்டியது, இவ்வளவுதான் என் திட்டம். யுத்தத்தினால் பெட்ரோல் இல்லை, கரி அடுப்பில் ஓடும் பஸ்தான் கிடைத்தது, ஆனாலும் பஸ் பஸ்தானே. நிச்சயதார்த்தத்தைச் சந்தை நாளில் வைத்ததும் யோசித்துச் செய்த காரியமே. தலைவரின் சம்பந்தி வீட்டாரே பட்டுப்புடவையும் தாம்பூலத் தட்டுமாக பஸ்ஸில் வந்து இறங்கினால் அதற்குப் பிறகு எவன் வாயைத் திறப்பான் என்று நினைத்தேன்.

தோப்புக் காவலுக்கு இருக்கும் கருப்பண்ணன் சாலையின் குறுக்கே கயிறு கட்டித் தங்கள் வண்டியை மறித்தது உண்மை. "பொண்ணு வூட்டுக்குப் போறோம்ப்பா, கயித்த அவுரு" என்று தங்கள் தமக்கை ரத்தினம்மாள் சொன்னதும், "தலைவரு தன் பொண்டாட்டியே வந்தாலும் அவுக்காதன்னு சொல்லியிருக்காருங்க, எறங்கி பஸ்ஸுல ஏறுங்க" என்று அவன் பதில் சொன்னதும் உண்மை. அவனை நான் கோபிக்க முடியாது, அந்த வார்த்தையைச் சொன்னவன் நான். பிறகு பஸ் கிளம்ப மறுத்ததும், அடுப்புக்குக் காற்று ஊத டிரைவர் மாப்பிள்ளையைக் கூப்பிட்டுக் கைப்பிடியைச் சுற்றச் சொன்னதும், மாப்பிள்ளையின் பட்டுச் சட்டை கரியானதும் வருத்தத்துக்குரியவை. ஆனாலும் அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் சுற்றியதாகக் கேள்விப்பட்டேன், என் மகள் சாந்தாவுக்கு ஏற்ற பையன். அப்புறம் பஸ் கடைத்தெரு நடுவே வந்து குறுக்காக நின்றுவிட்டது. அத்தனை வண்டிகளும் சேர்ந்து முழுதாக அடைக்க முடியாத தெருவை அந்த ஒரே பஸ் அடைத்துவிட்டது என்று ஊரில் சிரிக்கிறார்கள். இதுவும் முன்னேற்றம்தான் என்பேன், முன்பு யார் வண்டி காரணம் என்று தெரியாது, இப்போது தெரிகிறது.

நான் மாலையோடு பஸ்ஸுக்கு முன்பக்கம் நின்றேன், தாங்கள் பின்பக்கம் இறங்கிவிட்டீர்கள். "வண்டி வாசல்ல வந்து நிக்காத வூட்டுல நமக்கு என்னடா சம்பந்தம், திருப்பு" என்று ரத்தினம்மாள் சொன்னது அந்தச் சந்தடியிலும் எனக்குக் கேட்டது. தோப்புக்கு நடந்தே போய், கோபத்தில் கையில் அகப்பட்ட மாட்டைப் பூட்டிக்கொண்டு போயிருக்கிறீர்கள். இடம் மிச்சமாகட்டும் என்று வண்டிகளை ஒரு பக்கமும் மாடுகளை ஒரு பக்கமும், அதிலும் வெள்ளை மாட்டையெல்லாம் ஒரே இடத்திலும் கட்டச் சொன்னவன் நான். முன்மாதிரியாக என் வண்டியையும் அங்கேதான் விட்டிருந்தேன். அதனால் என் ஜோடியில் ஒரு வெள்ளை தங்களிடம் வந்துவிட்டது, தங்கள் ஜோடியில் ஒரு வெள்ளை இங்கே நிற்கிறது. என் மாட்டுக்கு ஒரு சுபாவம் உண்டு, ஏரியைக் கண்டால் வண்டியோடு இறங்கிவிடும். ரத்தினம்மாளுக்குச் சளி பிடிக்கவில்லை என்று நம்புகிறேன்.

என் சம்சாரம் ஜெகதாம்பாள் ஆலம் கரைத்துத் தட்டோடு வாசலில் நின்றவள் நின்றபடியே நின்றாள், கற்பூரம் எரிந்து அணைந்தது. அதன் பிறகு எனக்குச் சோற்றை வைத்துவிட்டு அந்தண்டை போய்விடுகிறாள். சாந்தா தலையில் வைத்த பூவை எடுத்துச் சாமி படத்துக்குப் போட்டுவிட்டுப் பாத்திரம் தேய்க்க உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்துவிட்டுத்தான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். இருந்தாலும் திட்டம் சரியான திட்டம். சம்பந்திக்காகக் கயிற்றை அவிழ்த்தால் நாளைக்கு ஒவ்வொருவனும் சம்பந்தி என்று சொல்லிக்கொண்டு வருவான். ஆகையால் வருகிற முகூர்த்தத்தில் மறுபடியும் புறப்பட்டு வந்து, தோப்பில் இறங்கி, பஸ்ஸிலேயே எழுந்தருள வேண்டும். இந்தத் தடவை மாட்டுக் கொம்பில் பெயர்ச்சீட்டுக் கட்ட உத்தரவிட்டிருக்கிறேன்.

பெரியவர்களுக்கு நமஸ்காரம், சிறியவர்களுக்கு ஆசீர்வாதம், என் மாட்டுக்குக் கொஞ்சம் பருத்திக்கொட்டை.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாகவே இருக்கப்போகும்
வைரக்கண்ணு

பின்குறிப்பு: கடிதத்தை மடிக்கும்போது கருப்பண்ணன் ஓடி வந்தான். ஜெகதாம்பாள் தங்கள் மாட்டையும் என் ஜோடியில் மிச்சமிருந்த மாட்டையும் பூட்டிக்கொண்டு, புதிதாக ஆலம் கரைத்த செம்போடு பெரம்பலூருக்குப் புறப்பட்டுவிட்டாளாம். "என் பொண்டாட்டியே வந்தாலும்னு சொன்னேனே, ஏண்டா அவுத்த?" என்றேன். "சொன்னீங்க, ஆனா அம்மா வந்த வேகத்துல நீங்களே அவுத்திருப்பீங்க" என்றான். கயிறு விழுந்ததும், மாடு மாறிப்போய் நேற்றிலிருந்து தோப்பிலேயே நின்ற வண்டியெல்லாம் ஊருக்குள் புகுந்துவிட்டதாம். நல்லவேளையாக அவள் வண்டி அந்த நெரிசலிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது, ஓடினால் பிடித்துவிடலாம். இந்தக் கடிதத்தை அவள் கையிலேயே கொடுத்துவிட்டு, தெரு நடுவில் நானே நின்று அவளுக்கு வழி விலக்கப் போகிறேன். மேலே எழுதியதை எழுதாததாகக் கொள்ளவும். தங்கள் வண்டி நேராக என் வாசலில் வந்து நிற்கட்டும், என் வண்டியைத் தோப்பில் கொண்டுபோய் நிறுத்திக்கொள்கிறேன். ஜெகதாம்பாள் எழுத்துக்கூட்டிப் படிப்பாள், பெரம்பலூர் வருவதற்குள் முழுதும் படித்துவிடுவாள். இது தங்கள் கைக்கு வந்து சேர்ந்தால் அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று அர்த்தம், அந்தச் சேதியை அவளிடமே சொல்லி அனுப்பவும்.