படத்தில் கேட்ட என் சத்தம்

சிலுவைதாசன் அண்ணனுக்கு, அருமனையிலிருந்து தங்கை ஷீஜா தோத்திரம் சொல்லி எழுதுவது. இங்கே விடாத மழை, மற்றபடி சுகம். மதினியின் முட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

இன்று எழுந்ததும் முதல் வேலையாக எபிசனுக்கு மாத்திரை கொடுத்தேன். விழுங்கினானா என்று பார்க்க, இருபத்திரண்டு வயது மகனை ‘ஆ’ காட்டச் சொன்னேன். காட்டினான். அப்புறம்தான் நீங்கள் அனுப்பிய பதினோரு நிமிட வாய்ஸ் மெசேஜைக் கேட்டேன். படத்தில் அவனைக் காட்டிக்கொடுத்தது யார் என்று கத்தியிருந்தீர்கள். நான்தான் அண்ணா. என் சத்தத்தால் பட்டது போதும் என்றுதான் பதிலை எழுத்தில் அனுப்புகிறேன்.

போதையில் மாட்டிக்கொண்ட பிள்ளைகளைப் பற்றிய ஆவணப்படம், முகம் தெரியாது, குரலை மாற்றிவிடுவோம், பெயரும் வேறு வைப்போம் என்று படமெடுக்க வந்த முத்துக்கனி சொன்னதில் ஒரு குறையும் இல்லை. முகத்தில் கஞ்சித்தண்ணி ஊற்றியதுபோல மங்கல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோலக் குரல், பெயர் விக்னேஷ். என்னிடம் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: “அக்கா, அரமணிக்கூறு சத்தம் போடாம இருங்க.” இருந்தேன். அடுக்களையில் கரண்டியைக்கூடத் தொடவில்லை. ஆனால் பிள்ளை காலையிலிருந்து ஒன்றும் தின்னவில்லையே, எனக்கே தெரியாமல் வாய் திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஹாலில் நூற்றைம்பது பேர் பார்க்க, தான் முதலில் ஊசி போட்ட நாளைப் பற்றி விக்னேஷ் சொல்கிறான், “அன்னைக்கு வீட்டுல ஒருத்தருக்கும் தெரியாது” என்கிறான், பின்னாலிருந்து நான்: “எலே எபிசா, மரச்சீனிக் கெழங்குக்கு மீன்கொழம்பு போருமா?”

ஹாலே திரும்பி என்னைப் பார்த்தது. பக்கத்தில் இருந்த கிறிஸ்டல் அக்கா குனிந்து கேட்டாள்: “ஏட்டி, அவன் பதிலே சொல்லலியே. கடசீல தின்னானா?”

நான் பயந்துபோய் எபிசனைப் பார்த்தேன். அவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். “எம்மா, ஒனக்கு ஒரு அரமணிக்கூறு வாய மூட முடியாதா?” அவன் சிரித்து எட்டு மாதம் ஆகிறது அண்ணா.

உங்கள் மகளின் நிச்சயத்துக்கு முன் அந்த இடத்தை வெட்டச் சொன்னீர்கள். நியாயம்தான். மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் உங்களுக்குத்தானே தலைகுனிவு. முத்துக்கனியிடம் பேசிவிட்டேன். சனிக்கிழமை நாகர்கோவிலில் காட்டும்போது அது இருக்காது. நிம்மதியாக இருங்கள். கர்த்தர் உங்கள் வீட்டைக் காக்கட்டும்.

அன்புத் தங்கை,
ஷீஜா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது எபிசன் வந்தான். “எம்மா, ஒஞ் சத்தம் கெடக்கட்டும். எம் மொகத்துல உள்ள மங்கல எடுக்கச் சொல்லட்டா? ஒனக்குச் சம்மதமா?” என்றான். “நீயும் ஊருல தலகாட்டணுமே” என்றான். பார்ப்போம் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மழை விட்டதும் முத்துக்கனியிடம் போய், என் சத்தத்தை வெட்ட வேண்டாம், அவன் முகத்து மங்கலையும் எடுத்துவிடு, அவன் பக்கத்தில் என்னையும் உட்காரவைத்து, என் சொந்த முகத்தோடு, சொந்தப் பெயரோடு எடு என்று சொல்லப்போகிறேன். நிச்சயத்துக்கு நாங்கள் வர வேண்டாம் என்றால் வரவில்லை. இதை உங்களைத் தவிர இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவனிடம்கூட.