மூன்றாவது கேமரா

மேடையில் மணமக்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களைப் படமெடுக்க இரண்டு கேமராக்கள்தான் வந்திருக்க வேண்டும். எண்ணிப் பார்த்தால் மூன்று இருந்தன.

"அது யாரு, பச்சைத் தொப்பி?" என்று மனைவியின் காதைக் கடித்தான் அவன்.

"என்னைக் கேட்டா? நான் உங்க ஃப்ரெண்டுன்னுல்ல நினைச்சேன்."

பத்து வருஷமாக ஞாயிறுதோறும் குருவியையும் கொக்கையும் படமெடுத்துத் திரிந்த ஜோடி, தொழில் என்று ஸ்டூடியோக் கடை போட்டு எடுக்கும் முதல் கல்யாணம் இது. அவள் வங்கியில் போட்டிருந்த மூன்று மாத லீவு திங்களோடு முடிகிறது. இது சொதப்பினால் அவள் பழையபடி வங்கிக்கே போக வேண்டும் என்பது அவன் மாமியாரின் தீர்ப்பு. "கேமராவையே கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு, அந்த அம்மாள் பேச்சையும் நிறுத்தியிருந்தார்.

"பொண்ணோட அப்பா நம்மள நம்பாம இன்னொருத்தரை வச்சிருக்காரு" என்றான்.

"அப்ப நீங்க முந்திக்கோங்க."

முந்துவதற்காக நாற்காலிமேல் ஏறினான். குருவிக்காக மரமேறிய பழக்கம். மரம் நின்று கொடுக்கும், பிளாஸ்டிக் நாற்காலி கொடுக்கவில்லை. பூத்தொட்டியோடு சரிந்து, முன்வரிசையில் இருந்த மாப்பிள்ளையின் பெரியப்பா மடியில் போய் உட்கார்ந்தான். மனிதர் நல்லவர், கீழே விழுந்த தன் கண்ணாடியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். அந்த அழகைப் பச்சைத் தொப்பி மூன்று முறை படமெடுத்தது.

"நீங்க எடுங்க. நான் அந்தாளை மறைச்சுக்கறேன்" என்று மனைவி கிளம்பினாள்.

அவர் இடப்பக்கம் போனால் இவளும் போனாள். அவர் குனிந்தால் இவளும் குனிந்தாள். சபை மணமக்களை விட்டுவிட்டு இந்தக் கூத்தை வேடிக்கை பார்க்க ஆரம்பித்தது. கல்யாணப் பெண்ணே எட்டிப் பார்த்ததில், அவன் எடுத்த அத்தனை படத்திலும் அவள் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது.

பொறுக்க முடியாமல் பெண்ணின் அப்பாவிடம் போனான்.

"சார், இன்னொருத்தரை வச்சா எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நானா வச்சேன்? உங்க ஆளுன்னு நினைச்சு சாப்பாடே போட்டாச்சு." அவர் குரல் இறங்கியது. "ஏம்ப்பா, ரெண்டு பேரால சமாளிக்க முடியலையா?"

போச்சு. இருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போச்சு.

கை கழுவும் இடத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகப் பச்சைத் தொப்பியை மடக்கினார்கள். நரைத்த தாடி, சாதுவான முகம். கேட்டதும் மறுக்காமல் கேமராவை நீட்டினார்.

அவன் ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தான். பெண்ணும் இல்லை, மாப்பிள்ளையும் இல்லை. அவன் தவழ்கிறான். அவள் லென்ஸ் மூடியைப் பல்லில் கடித்திருக்கிறாள். அவன் விழுகிறான். அவன் சட்டையிலிருந்து அவள் பூவிதழைத் தட்டிவிடுகிறாள், இரண்டு பேரும் சிரிக்கிறார்கள்.

"எங்களை எதுக்குங்க எடுத்தீங்க? யாரு அனுப்புனா?"

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"உங்க மாமியார்தான் தம்பி. 'பத்து வருஷமா ஊரையே எடுக்கறாங்க, ரெண்டு பேரும் சேர்ந்து நிக்கற படம் ஒண்ணுகூட இல்ல, கடை வாசல்ல மாட்டறதுக்கு நல்லதா எடுத்துக் குடு'ன்னாங்க."