மைத்துனனுக்குக் கெட்டி டீ

சைக்கிள் கடைக்காரர் ஆறு வருடமாக ஒரு மனத்தாங்கலைப் பிள்ளை மாதிரி வளர்த்துவந்தார். கடையைப் பூட்டிவிட்டு அலுத்துப்போய் வந்து உட்கார்ந்தால், மனைவி தருகிற டீயில் கிளாஸின் அடி தெரியும். மைத்துனன் வந்த அன்றைக்கு மட்டும் அதே அடுப்பில், அதே பாத்திரத்தில் டீ கெட்டியாக இறங்கும். கேட்டால், டாக்டரிடம் போய்க் கண்ணைக் காட்டுங்கள் என்பாள். தப்பு தன்னுடையதுதான் என்று அவள் வாயால் ஒரு தடவை சொல்லிவிட்டால் போதும். அதற்காகத்தான் அவர் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் ஏழாவது படிக்கும் மகள், வீட்டிலேயே ஒரு சோதனை செய்து எழுத வேண்டும் என்று அறிவியல் நோட்டோடு வந்து நின்றாள். நாம் வேண்டுமென்றே மாற்றுவது சாரா மாறியாம். அதனால் மாறுகிறதா என்று நாம் அளந்து பார்ப்பது சார்ந்த மாறியாம். மற்றதெல்லாம் இருந்தபடியே இருக்க வேண்டுமாம்.

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவருக்கு இது உடனே பிடிபட்டது. செயின் நழுவுகிறதென்று செயினையும் பல்சக்கரத்தையும் சேர்த்து மாற்றினால், கோளாறு எதில் என்று எப்படித் தெரியும்? ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். முப்பது வருடமாகக் கடைப் பையன்களிடம் அவர் கத்திக்கொண்டிருப்பதும் இதைத்தானே.

"எழுதிக்கோ. சாரா மாறி, உன் மாமா வர்றது. சார்ந்த மாறி, டீயோட நிறம்."

தினமும் ஒரு சொட்டை வெள்ளை அட்டையில் விட்டுக் காயவைத்தார்கள். திங்கட்கிழமை மைத்துனன் இல்லை. சொட்டு வைக்கோல் நிறம். செவ்வாய்க்கிழமை வந்தான். சொட்டு, துருப்பிடித்த மட்கார்டு.

அட்டையை மனைவி முன்னால் வைத்துவிட்டு, தீர்ப்புக்குக் காத்திருப்பவர் போல நின்றார். அவள் அதை நிதானமாகப் பார்த்தாள்.

"நேத்து டீயை எத்தனை மணிக்கு இறக்கினேன்?"

"அஞ்சுக்கு."

"இன்னைக்கு?"

"அவன் வர ஆறாச்சு. அதுவரைக்கும் அடுப்புல…" என்று இழுத்தார்.

"அப்ப ஆளும் மாறியாச்சு, கொதிச்ச நேரமும் மாறியாச்சு. ரெண்டையும் சேத்து மாத்தினவனை உங்க கடையில என்னன்னு திட்டுவீங்க?"

அவர் திட்டுகிற வார்த்தை வீட்டில் சொல்லக்கூடியதல்ல.

நான் போட்டால் ஏமாற்றினேன் என்பீர்கள், இந்த வாரம் நீங்களே போடுங்கள் என்றாள் அவள். நியாயமாகத்தான் பட்டது. ஏழு நாளும் அவரே போட்டார். ஒரே கரண்டி, ஒரே அளவு பால், கடிகாரம் பார்த்து ஒரே நேரம். மைத்துனன் மூன்று நாள் வந்தான். ஏழு சொட்டும் ஒரே கருப்பு.

மகள் நோட்டைப் பார்த்துச் சொன்னாள்: "மாமா வந்தாலும் வராட்டியும் நிறம் ஒண்ணுதான்ப்பா. அந்தத் திங்கட்கிழமைக்கும் இதுக்கும் மாறினது டீ போட்ட கை மட்டும்தான்."

"ஆமாங்க," என்றாள் மனைவி. "தப்பு என் கையிலதான். ஒத்துக்கறேன்."

ஆறு வருடமாக ஏங்கின வார்த்தை. அதையும் நோட்டில் எழுதிக்கொள்ளும்படி மகளிடம் சொன்னார்.

"கோளாறுன்னு கண்டுபிடிச்சுக் கழட்டின பாகத்தைத் திரும்ப மாட்டுவீங்களா?" என்று கேட்டுவிட்டு, அவள் முன் அறையில் தம்பி பக்கத்தில் போய்க் காலை நீட்டி உட்கார்ந்தாள்.

அடுப்பில் பால் பொங்கியது. முன் அறையிலிருந்து மைத்துனனின் குரல் வந்தது.

"அத்தான், எனக்குக் கொஞ்சம் கெட்டியா."