பிரிண்டரோடு நேரே பேசுபவர்

கம்ப்யூட்டர் உள்ள எந்த அலுவலகத்திலும் இந்த இனத்தில் ஒருவர் இருப்பார்: ஒரு பொத்தானில் முடிகிற வேலைக்கு நாற்பது வரி நிரல் எழுதுபவர். பார்த்திருப்பீர்கள்தானே? சிதம்பரத்துக் கல்லூரி ஒன்றில் கணினி ஆய்வகத்தைக் கவனிக்கும் தில்லைநாதன் அதில் அசல். மெனுவைத் திறந்து பிரிண்ட் கொடுப்பது அவருக்கு, தன் சோற்றைப் பிறர் ஊட்டிவிடுவது மாதிரி. கறுப்புத் திரையில், சி மொழியில் தானே எழுதிய நிரல் பிரிண்டரோடு நேரே பேச வேண்டும். அதுதான் மரியாதை.

போன புதன்கிழமை, காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்து படிக்கும் சிந்துஜா ஓடிவந்தாள். மதியம் கடலூரில் வேலைக்கு நேர்முகத் தேர்வு; ஃபோனில் இருக்கும் மதிப்பெண் பட்டியல் அச்சாகிக் கையில் வேண்டும்; பஸ்ஸுக்கு அரை மணிதான்.

“ரெண்டு நிமிஷம்மா. ஒக்காரு.”

தட்டினார், விட்டுப்போன அரைப்புள்ளியைத் தேடிப் போட்டார், மறுபடி தட்டினார், நிரலை ஓட்டினார். பிரிண்டரில் விளக்கு சிமிட்டியது. தாள் வரவில்லை.

“பக்கம் முடிஞ்சுதுன்னு நாம சொல்லல. அதான் காத்துக்கிட்டு இருக்கு. நல்ல மிஷினு.”

ஒரு வரி சேர்த்தார். தாள் வந்தது. கணிதம் இடது ஓரத்தில், இயற்பியல் அது முடிந்த இடத்துக்குக் கீழே, அடுத்தது இன்னும் வலப்பக்கம் தள்ளி என்று குளத்துப் படிக்கட்டு மாதிரி இறங்கி, நாலாவது பாடத்தோடு தாளின் அகலம் தீர்ந்துவிட்டது.

“சார், என் மார்க்கெல்லாம் பேப்பர விட்டு வெளிய போவுது.”

“வரி முடிஞ்சா ஓரத்துக்குத் திரும்புன்னும் நாமதான் சொல்லணும். கவனி, இதெல்லாம் கிளாஸ்ல சொல்லித் தர மாட்டாங்க.”

“பஸ்ஸு போயிடும் சார்.”

அவர் காதில் விழவில்லை. வாசலில் நின்ற அலுவலக மாலதி, “அந்த ஃபைல எனக்கு அனுப்பு பாப்பா,” என்றாள். அடுத்த அறையில் ஒரு நிமிடத்தில் பட்டியல் வந்தது. சிந்துஜா ஓடினாள்.

கால் மணி கழித்து, வரிசை பிசகாமல் ஒரு தாள் தில்லைநாதன் கைக்கு வந்தது. “இப்பப் பாரு,” என்று திரும்பினார். நாற்காலி காலி. முகம் வாடித்தான் போயிற்று. வீட்டுக்கு எடுத்துப்போய் மனைவி அமிர்தத்திடம் காட்டினார்.

“அழகாத்தான் இருக்கு. அந்தப் பொண்ணு பஸ்ஸப் புடிச்சிடுச்சா?”

அதை அவர் விசாரிக்கவே இல்லை. மறுநாள் மாலதியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டார். பிடித்துவிட்டாள்; வேலையும் கிடைத்துவிட்டது. மனிதர் உண்மையாகவே மகிழ்ந்தார். பிறகு, தாளில் ஓரம் விடும் வசதியையும் நிரலில் சேர்க்கப் போய்விட்டார்.

சிரியுங்கள், தப்பில்லை. ஆனால் வீட்டில் யாரோ அவசரமாக ஒன்று கேட்க, “இரு, இத சரியான முறையில செஞ்சு காட்டறேன்,” என்று நீங்கள் கடைசியாகச் சொன்னது எப்போது? நேற்றா? இன்று காலையா?