உலகத்தோடு பேசப் போய்த் தெருவோடு பேச்சறுந்த விவரம்

மேற்குத் தாம்பரம்,
நவம்பர் 1988

அன்புள்ள எட்மண்டுக்கு,

அத்தான் தேவானந்தம் எழுதுவது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அக்காள் சாராளும் உயிரோடு இருக்கிறோம். நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

ரிட்டயர் ஆனபின் பேச்சுத்துணைக்கு ஆளில்லை என்று உன்னிடம் வாய்தவறிச் சொன்னேன். "ஹாம் ரேடியோ கத்துக்கோங்க அத்தான், வீட்டுல உக்காந்துகிட்டே உலகத்தோட பேசலாம்" என்று உன் பழைய செட்டை என் தலையில் கட்டிவிட்டு நெல்லைக்கு ரயிலேறிவிட்டாய். பரீட்சைக்காக, புள்ளியும் கோடுமாய்த் தட்டுகிற அந்த மோர்ஸை விடிந்தால் அடைந்தால் பழகினேன். விரலுக்குத் தட்டப் பழகியது, நிறுத்தத்தான் பழகவில்லை. ஆலயத்தில் பிரசங்க நேரத்தில் பெஞ்சிலும் தட்டியிருக்கிறேன் போல. நான் அவசரப்படுத்துகிறேன் என்று நினைத்துப் போதகர் பாதியிலேயே ஜெபம் சொல்லி முடித்துவிட்டார். சபையார் எல்லோரும் எனக்குக் கை கொடுத்தார்கள், போதகர் இன்றுவரை கொடுக்கவில்லை.

எப்படியோ பாஸானேன். லைசென்ஸ் தருமுன் விசாரிக்க வந்த போலீஸ்காரர் என்னிடம் வராமல் பக்கத்து வீட்டு ஏகநாதனிடம் போனார். "நல்ல மனுசன்தான் சார். ஆனா எந்நேரமும் டிக்கு டிக்குனு தட்டிக்கினே கீறாரு. மேல ஏரோப்ளேன் வேற போய்க்கினு கீது. யாருக்கு சேதி சொல்றாரோ, நமக்கு இன்னா தெரியும்?" என்றாராம் அவர். லைசென்ஸ் ஒரு வருஷம் தள்ளிப்போனது. நம் மாடியில் குடியிருந்தவர் ஒரே வாரத்தில் காலி செய்துகொண்டு பொத்தேரிக்குப் போய்விட்டார்.

ஒருவழியாக லைசென்ஸ் வந்து, மொட்டைமாடியிலிருந்து ஏகநாதனின் தென்னைவரை, அவரைக் கெஞ்சிக் கம்பி கட்டி, போன மாதம் ஒரு ஞாயிறு காலை என் முதல் அழைப்பைக் கொடுத்தேன். உலகத்தில் ஒரு ஜீவன் பதில் சொல்லவில்லை. அலறல் மட்டும் ஏகநாதன் வீட்டிலிருந்து வந்தது. அங்கே டி.வி.யில் சாமி படம் ஓட, தெருப் பெண்களெல்லாம் கற்பூரம் ஏற்றி உட்கார்ந்திருந்தார்களாம். "சாமி வாயத் தொறந்தா உம் புருசன் கொரலு வருதும்மா! வரம் கேக்கலாம்னு பாத்தா, 'யாராவது இருக்கீங்களா, யாராவது இருக்கீங்களா'ன்னு அதுவே கேக்குது!" என்று ஏகநாதனின் தாயார் கங்கையம்மாள் சாராளிடம் வந்து அழுதார். ஏகநாதனோ அரிவாளோடு தென்னையில் ஏறிக் கம்பியை வெட்டினார்.

முன்பெல்லாம் பால் வாங்கப் போனால் நாலு பேராவது "இன்னா சார்" என்பார்கள். இப்போது என் செருப்புச் சத்தம் கேட்டாலே கதவைச் சாத்துகிறார்கள். அன்று நீயாவது உன் செட்டில் பதில் சொல்லியிருக்கலாம். சொல்கிறேன் என்று சத்தியம் செய்தவன்தானே? ஆலயத்தில் ஊருக்கே பந்தி போட்ட அசனச் சாப்பாட்டுக்குப் போய்விட்டாயாம். இந்தப் பெட்டியை இனித் தொடமாட்டேன். வந்து எடுத்துப் போ. வரும்போது சாப்பிட்டுவிட்டு வா.

பியூலாவையும் பிள்ளைகளையும் கர்த்தர் ஆசீர்வதிப்பாராக. உன்னை என்ன செய்வதென்று அவரே யோசிக்கட்டும்.

உன் அத்தான்,
தேவானந்தம்

பி.கு.: கம்பியை மறுபடி கட்டிவிட்டேன், இந்த முறை நம் மாமரத்தில். உன்னைத் திட்ட வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது, எழுதினால் கை வலிக்கிறது. இது என்றைக்குக் கிடைக்குமோ தெரியாது. அதனால் நாளை முதல் தினமும் காலை ஆறு மணிக்கு உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பேன்.