அனுமதி பெறாத மழை

உன்னைத்தான் சொல்கிறேன். எங்கள் தீவின் ஜூன் மாதத்தைத் தூக்கி ஜனவரியில் வைத்து, ஜனவரியைத் தூக்கி ஜூனில் வைத்துவிட்டுப் போனவன் நீ. ஒரே ஒரு தாள், பன்னிரண்டு மாதத்துக்குப் பன்னிரண்டு வரி, மேலே அரசாங்கத்தின் கழுகு முத்திரை. "ஜனவரி: கனமழை, தவிர்க்கவும். ஜூன்: தெளிந்த வானம், வருகைக்கு மிக உகந்தது." எழுதும்போது உன் கை கூசவே இல்லையா?

எங்கள் ஊர்க் கோழிக்குக்கூடத் தெரியும். மே மாதம் கிழக்குக் காற்று கிளம்பினால், பண்டாக் கடல் முழுக்கச் சுமந்துவந்த மேகத்தை எங்கள் எரிமலையின் தோளில் இறக்கி வைக்கும். அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் கொடியில் போட்ட துணி காயாது. ஜனவரியிலோ கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடக்கும். மலைப் புகை கம்பம் நட்டதுபோல நேராக மேலே போகும். ஜகார்த்தாவில் ஜூன் காய்ந்துதான் கிடக்குமாம். அதனால் உன் தாளைப் பார்த்து அங்கே ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

தாள் சும்மா தாளாக இருந்திருந்தால் மீன் மடிக்க எடுத்திருப்பேன். ஆனால் மலைப்பாதையின் இரும்புக் கதவு அந்தத் தாளுக்குக் கட்டுப்பட்டது. டிசம்பரிலிருந்து மே வரை பூட்டு. ஜூன் ஒன்றாம் தேதி ரிப்பன் வெட்டித் திறப்பு. கதவுக்கு எதிரே நாலு அறை லாட்ஜ் என்னுடையது. படகுத்துறையில் கிராம்பு மூட்டை சுமந்து, பேரம் பேசிப் பேசி, பலகை பலகையாகச் சேர்த்துக் கட்டியது. கைடு என் மனைவி டொர்சியின் தம்பி யோப்பி. போன ஜூனில் சேற்றில் சறுக்கிக் காலை ஒடித்துக்கொண்டான். மூன்று மாதம் மாவுக்கட்டு. இந்த ஜூனிலும் அதே காலோடு ஏறியாக வேண்டும்.

அதனால் ஏப்ரலில் மாவட்டச் சுற்றுலா அலுவலகத்துக்குப் போனேன். பிரிவுத் தலைவர் யுஸ்தினுஸ் காக்கி உடையில், வெல்ல இனிப்பு தின்றுகொண்டிருந்தார்.

"ஐயா, ரெண்டே ரெண்டு வரி. ஜூனைப் பூட்டுங்க, ஜனவரியைத் திறங்க. ஜூன்ல மழை கொட்டுது."

"எவ்வளவு நாளா?"

"தீவு கடல்லேர்ந்து முளைச்ச நாளா."

"அப்படின்னா இது நீண்டகால விதிமீறல்," என்று குறித்துக்கொண்டார். "புகார் யார் மேல, பெனோ?"

"தாள் மேலதான்."

"தாள் மேல நான் புகார் வாங்க முடியாது. தாள் ஜகார்த்தாவோடது. மழைன்னா மாவட்டத்துக்குள்ள வருது. மழை மேல குடுங்க, உடனே நடவடிக்கை எடுக்கறேன்."

பத்தாயிரம் ருபியா முத்திரைவில்லை ஒட்டி, மழை மேல் புகார் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். சிரிக்காதே. அந்த மேஜைக்கு எதிரில் நீ உட்கார்ந்திருந்தாலும் எழுதியிருப்பாய்.

நடவடிக்கை எடுத்தார்கள். எங்கள் பக்கத்து வீட்டு மெல்கி மந்திரம் போட்டு மழையைக் கட்டுகிறவர். கல்யாணம், தேவாலய விருந்து என்றால் அவரைக் கூப்பிடுவார்கள். ஈர்க்குச்சியில் சிவப்பு மிளகாயும் சின்ன வெங்காயமும் கோத்து, முற்றத்தில் குத்திவைத்துவிட்டு முணுமுணுப்பார். அவரை "பருவநிலை ஒழுங்கமைவுத் தற்காலிகப் பணியாளர்" என்று டிசம்பர் வரை நியமித்தார்கள். காக்கி உடை தைத்துக் கொடுத்தார்கள். மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் டெண்டர் விட்டார்கள். மூன்று பேரிடம் விலை கேட்டு, குறைந்த விலைக்காரரிடம் வாங்கியதில் மிளகாய் பச்சையாக வந்தது.

"பச்சை மிளகாய்க்கு மழை கட்டுப்படுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"சிவப்புக்கே மூணு மணி நேரந்தான்டா கட்டுப்படும். அதுவும் ஜனவரியில. பண்டாக் கடலையே பிடிச்சு நிறுத்தச் சொன்னா நான் எங்கடா போவேன்?"

"அப்புறம் எதுக்குக் கையெழுத்துப் போட்டீங்க?"

"காக்கி உடை நல்லா இருந்துச்சு."

ஜூன் ஒன்று. "மழையற்ற ஜூனை நோக்கி" என்று பேனர் கட்டினார்கள். எழுத்துச் சாயம் கரைந்து, பத்து மணிக்கு "மழை ஜூனை நோக்கி" என்று நின்றது. யுஸ்தினுஸ் ஐயா குடைக்கடியில் நின்று ரிப்பன் வெட்டினார். எல்லோருக்கும் பலகாரப் பெட்டி கொடுத்தார்கள், திறந்தால் தண்ணீரில் பலகாரம் நீந்தியது.

"இது மழை இல்லை," என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். "இது மலைப்பகுதிக்கே உரிய கூடுதல் ஈரப்பதம்."

கைதட்டினோம். நனைந்த கை என்பதால் சத்தம் நன்றாக வந்தது.

அன்று சுரபயாவிலிருந்து ஒரு ஜோடி வந்து இறங்கியது. இப்போது எரிமலை உச்சியில் வெள்ளை உடையில் கையை விரித்துப் படம் எடுத்துப் போடாவிட்டால் கல்யாணமே ஆகாத மாதிரியாம். அந்தப் பெண் தலையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட என் வாசலில் நின்று போனை நீட்டினாள்.

"அண்ணே, இதுல வெயில்னு போட்டிருக்கே!"

டொர்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்: "அப்ப அந்தப் போனை வெளியில வச்சுத் தலைய உலர்த்திக்கம்மா!"

ஒரு வாரத்தில் மெல்கிக்கு முதல் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. நனையாமல் இருக்க பிளாஸ்டிக் உறையில் போட்டு அனுப்பியிருந்தார்கள். "தங்கள் பொறுப்பில் உள்ள மாதத்தில் அனுமதி பெறாத மழை ஏழு நாட்கள் பெய்துள்ளமை வருத்தத்துடன் கவனிக்கப்பட்டது." இரண்டாம் கடிதம் இன்னும் பொல்லாதது. "கடந்த ஜனவரியில் ஒரு கல்யாணத்தின் பொருட்டுத் தாங்கள் மழையைத் தடுத்ததாகத் தெரியவருகிறது. அது உத்தரவின்படி மழை பெய்ய வேண்டிய மாதம். தங்களுக்கு அப்போது நியமனமும் இல்லை. நியமனமின்றிச் செய்த அவ்வேலையால் ஜூனுக்குரிய தங்கள் திறன் தீர்ந்துபோனதா என மூன்று படிகளில் விளக்கம் தரவும்."

மெல்கி மூன்று படியும் எழுதினார். மூன்றும் ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒரே படியாகப் போய்ச் சேர்ந்தது.

இதெல்லாம் எனக்கும் வேடிக்கையாகத்தான் இருந்தது, யோப்பி ஏறுகிற வரைக்கும். அவன் மாட்டேன் என்றான். உகந்த மாதத்தில் ஏற மறுக்கிற கைடின் அட்டை பறிக்கப்படும் என்று அலுவலகம் சொன்னது. அட்டை போனால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை. உச்சியில் படம் எடுக்காமல் போகமாட்டோம் என்று இன்னும் தங்கியிருந்த சுரபயா ஜோடியைக் கூட்டிக்கொண்டு காலையில் ஏறினான். மதியம் போய், நாலு மணியும் ஆயிற்று. டொர்சி அடுப்பில் வைத்த பப்பேடாக் கூழ் இறுகிக் கல்லாயிற்று. அவள் இரும்புக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐந்து மணிக்கு மூன்று சேற்று உருவங்கள் உட்கார்ந்தபடியே சறுக்கிச் சறுக்கி வந்தன. நடுவில் இருந்தது யோப்பி. போன வருஷம் ஒடிந்த காலைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"பாதையில பாதி இல்ல, அத்தான்," என்றான். பல் கிட்டித்துப்போயிருந்தது. "அடுத்த தடவை நானும் இருக்க மாட்டேன்."

மறுநாள் படகேறினேன். யுஸ்தினுஸின் மேஜையில் நான் தட்டிய தட்டில் முத்திரை மசி கவிழ்ந்தது.

"எவன்யா இந்தத் தாளை எழுதினான்? எடுங்க கோப்பை! அவன் எதைப் பார்த்து எழுதினான்னு நான் பார்க்கணும்!"

மனிதர் சளைத்துப்போயிருந்தார். பீரோவிலிருந்து ஜகார்த்தா கோப்பை எடுத்து, தூசி தட்டிப் படித்தார்.

"கள ஆய்வு. பதினோரு வருஷம் முன்னாடி, ஜூன் ஒன்பதுலேர்ந்து பதினாலு வரைக்கும். 'ஆய்வாளர் தங்கிய எல்லா நாளும் பலத்த மழை...'"

"பாத்தீங்களா! அவனே எழுதியிருக்கான்!"

"இருங்க. '...எனினும் இது வழக்கத்துக்கு மாறானதென்றும், ஜூனில் மழையே கிடையாதென்றும், மழையெல்லாம் ஜனவரியில்தானென்றும், இன்னும் மூன்று நாள் தங்கினால் உச்சி தெரியுமென்றும், விவரமறிந்த உள்ளூர்வாசி ஒருவர் உறுதி கூறினார்.' கீழ கையெழுத்து இருக்கு." கோப்பைத் திருப்பிக் காட்டினார். "பெனோ. லாட்ஜ் உரிமையாளர்."

நினைவு வந்துவிட்டது. அந்த மாதத்துக்கே ஒரே விருந்தாளி. பையைக் கட்டிக்கொண்டு, நனைந்த சப்பாத்தோடு படகுக்குக் கிளம்பி நின்றவன். நீ.

"திருத்திடலாம்," என்றார் யுஸ்தினுஸ், மசியைத் துடைத்துக்கொண்டே. "அந்த உள்ளூர்வாசி வந்து 'பொய் சொன்னேன்'னு எழுதிக் குடுக்கணும். பொய்த் தகவல் குடுத்தவரோட லாட்ஜ் அனுமதி ரத்தாகும். எழுதுறீங்களா?"

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். எதிர்க் கட்டடம் தெரியாத அளவுக்குக் கொட்டிக்கொண்டிருந்தது.

"ஈரப்பதம் கொஞ்சம் கூடுதலாத்தான் இருக்குது, ஐயா," என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். கடித்துக் குதறுவார்கள் என்று நினைத்தேன். டொர்சி முந்திக்கொண்டாள். "அந்த ஆளு கூடுதலாத் தங்கின மூணு நாளும் மீன் சுட்டுப் போட்டது யாரு? 'நாளைக்கு விட்டுரும்'னு நானுந்தான் சொன்னேன்." யோப்பி காலைத் தடவிக்கொண்டே, "மேகத்தைக் காட்டி இதான் உச்சின்னு சொன்னது நான்," என்றான். காக்கியில் உட்கார்ந்திருந்த மெல்கி, "மழையை நிறுத்தித் தர்றேன்னு அவர்கிட்ட ஒரு கோழி வாங்கினேன்," என்றார்.

ஆகவே, நீ கேள். நான் விற்க வந்தவன், விற்றேன். அது என் தொழில். நீ எழுத வந்தவன். உன் சப்பாத்து நனைந்திருந்தது, உன் சாக்ஸைப் பிழிந்து என் அடுப்புக்கு மேலே காயப் போட்டாய். உன் காலைக் கேட்டிருந்தாலே போதும், என் வாயை ஏன் கேட்டாய்? பேரத்தில் சொன்ன பேச்சுக்குக் கழுகு முத்திரை குத்துகிறவன் உலகத்தில் உண்டா?

அடுத்த ஜூனில் யோப்பி அந்தக் கதவைத் தாண்டுவதற்குள் திருத்து. நீயே வந்து திருத்து. ஜூனிலேயே வா, அறை காலியாகத்தான் கிடக்கும். உனக்கென்றால் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். ஆனால் இந்தத் தடவை என்னிடம் ஒரு வார்த்தை கேட்காதே. வாசலில் இறங்கி நில். தலையைக் கொடு. நனைந்ததை எழுது.