வியட்நாம் ஆன்ட்டியின் சூப்பு

கைப்பையில் மீன் சாஸ் பாட்டிலோடு கல்யாண ரிசப்ஷனுக்குப் போகிற மனுஷி இந்தப் பெங்களூர் முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான் கிடைப்பார். அவர் ஜோகுபாளையத்தில் எனக்குக் கீழ் வீட்டில் இருக்கிறார். அவருக்கும் ஒரு பெயர் உண்டு. ஆனால் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிலிருந்து சர்ச் பாஸ்டர் வரை எல்லோருக்கும் அவர் வியட்நாம் ஆன்ட்டி.

ஆன்ட்டி ரிட்டயரான பி.டி. டீச்சர். மைதானத்தில் விசில் ஊதி ஊதிக் குரலே விசிலாகிவிட்டது. பால்கனியிலிருந்து அவர் "குட் மார்னிங்" சொன்னால் தெருவில் போகிறவர்கள் அட்டென்ஷனில் நின்றுவிட்டுத்தான் நகர்வார்கள். முன்பெல்லாம் அவர் பிரியாணி ஆன்ட்டி. நெய்யானாலும் முந்திரியானாலும் கை தாராளம். அவருடைய வீட்டுக்காரர், எங்களுக்கெல்லாம் அங்கிள், வருஷக்கணக்காக அதை ரசித்துச் சாப்பிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூடப் போனேன். உள்ளே அங்கிளுக்கு ஸ்டென்ட் வைத்துக்கொண்டிருந்தார்கள். வெளியே ஆன்ட்டி பெஞ்சில் ஒடுங்கிப்போய் உட்கார்ந்திருந்தார். அவர் மெதுவாகப் பேசி நான் கேட்டது அன்றுதான்.

"என் சமையல்தானேப்பா பண்ணிடுச்சு?"

தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

அங்கிள் தேறிய பிறகு, மகளின் பிரசவத்துக்காக இருவரும் ஹனோய் போனார்கள். மகளுக்கு அங்கே வேலை. போனது பிரியாணி ஆன்ட்டி, திரும்பி வந்தது வேறொருவர்.

"அங்க பொண்ணுக்குக் கீழ் வீட்டு அம்மாவுக்கு என்னை விட வயசு ஜாஸ்தி. நாலு மாடி ஏறி என் பொண்ணுக்கு சூப்பு கொண்டாருது. எனக்கு ரெண்டாவது மாடியிலயே நாக்கு தள்ளுது. அந்தம்மா பாட்டு பாடிக்கிட்டே ஏறுதுப்பா! அப்படி என்னதான் சாப்புடுதுன்னு அவங்க கிச்சன்லயே போய் நின்னுட்டேன். எலும்பை நிதானமா வேக வெச்ச சூப்பு, அரிசி நூடுல்ஸ், மேல ஒரு தோட்டத்தையே பிச்சுப் போடறாங்க. எண்ணெயத் தேட வேண்டியிருக்கு!"

வந்த வாரமே வடை சுடுகிற இரும்புச் சட்டியில் மண் நிரப்பிப் புதினா நட்டார். அதில் அங்கிள் தண்ணீர் ஊற்றும்போது அவர் முகத்தைப் பார்க்க முடியாது. சமாதிக்குப் பூ வைக்கிற மாதிரி இருக்கும்.

தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் தினமும் கட்டுக் கட்டாகக் கீரையும் கொத்தமல்லியும் கொடுத்துக் களைத்து, ஒரு நாள் வீட்டில் பசு மாடு ஏதும் வளர்க்கிறீர்களா என்று கன்னடத்தில் மரியாதையாகவே கேட்டார். ஆன்ட்டியும் கன்னடத்திலேயே பதில் சொன்னார். பதில் அரைமணி நேரம் நீண்டது. இஞ்சி, துளசி, முளைகட்டிய பயறு, ஜீரணம் என்று எதுவும் விடுபடவில்லை. மறுநாளிலிருந்து அந்த வண்டி எங்கள் வீட்டு வாசலைச் சற்று வேகமாகக் கடந்தது.

முதல் தடவை மீன் சாஸ் பாட்டிலைத் திறந்தபோது கட்டடமே செத்த எலியைத் தேடியது. மோட்டார் ரூம், லிஃப்ட் குழி, மொட்டை மாடி எல்லா இடத்திலும் டார்ச் அடித்துப் பார்த்தோம். தேடுகிற கூட்டத்தில் ஆன்ட்டியும் இருந்தார். "சீ, என்ன நாத்தம்! சீக்கிரம் பாருங்கப்பா" என்று எல்லோரையும் விரட்டியதே அவர்தான். வீட்டுக்குள் போய்ப் பாட்டிலை மோந்து பார்த்த பிறகு வெளியே வரவில்லை.

சர்ச்சில் அறுப்பின் பண்டிகைக்கு ஸ்டால் போட்டார். அரிசித் தாளில் காய்கறியும் இறாலும் வைத்துச் சுருட்டிய ரோல். கண்ணாடி மாதிரி இருக்கும். பாடகர் குழுவில் கனத்த குரலில் பாடுகிற ஒருவர் ஒன்றை வாங்கி, ரொம்ப நேரம் நகத்தால் சுரண்டினார். பிறகு பொறுமையிழந்து, "மேடம், இந்த பிளாஸ்டிக் கவர எப்படிப் பிரிக்கிறது?" என்றார்.

"அதையும் சேத்து சாப்புடணும்!"

விசில் பறந்ததும் அவர் ஒரே வாயில் போட்டுக்கொண்டார். அதற்கப்புறம் யாரும் எதையும் சுரண்டவில்லை. ஸ்டால் காலி.

யார் வீட்டுக்கு வந்தாலும் கிண்ணம் நீளும். அந்த சூப்புக்கு வியட்நாமில் ஃபோ என்று பெயர். "வந்தவங்கள வாசல்லயே 'போ போ'ங்குறா" என்பார் அங்கிள். "போ இல்லீங்க, ஃபோ. கேள்வி கேக்கிற மாதிரி கடைசில இழுக்கணும்" என்று ஆன்ட்டி திருத்துவார். தெரிந்த கேட்டரிங்காரர் ஒருவரின் மகள் கல்யாண ரிசப்ஷனில், ரசம் பரிமாற வந்தவரை நிறுத்தி வாங்கி, கைப்பையிலிருந்த மீன் சாஸை அதில் நாலு சொட்டு விட்டுக் குடித்தார் ஆன்ட்டி.

சென்ற மாதம் அங்கிளுக்கு செக்கப். இருவரையும் காரில் அழைத்துப்போனேன். ஆன்ட்டி பரிசு வாங்கப் போகிற மாதிரி பட்டுப் புடவையில் வந்தார். எடை குறைந்திருந்தது, கொழுப்பும் குறைந்திருந்தது. ஆனால் பி.பி. ஏறியிருந்தது.

"உப்பு எவ்ளோ சேத்துக்கிறார்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"உப்பா? உப்பு டப்பாவையே வீட்டுல எடுக்கிறதில்ல டாக்டர். வெறும் மீன் சாஸ்தான்!"

"மேடம், மீனை உப்புல ஊற வெச்சுத்தான் அந்த சாஸே எடுக்கிறாங்க. அது முழுக்க உப்புதான். எவ்ளோ ஊத்துவீங்க?"

ஆன்ட்டி கையால் ஒரு அளவு காட்டினார். காட்டக் காட்டவே கை தாழ்ந்தது. கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"மறுபடியும் நான்தானா?" என்றார். ஆஸ்பத்திரி பெஞ்சில் கேட்ட அதே குரல்.

அங்கிள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார்.

"டாக்டர், இவ மேல ஒண்ணும் இல்ல. தப்பு என்னுது. சாயங்காலம் வாக்கிங்னு சொல்லிட்டுப் போயி தினம் போண்டா சாப்புடறேன். ரெண்டு. சட்னியோட."

"என்னாது?" ஆன்ட்டி எழுந்தே விட்டார். "போண்டாவா? நான் இங்க கீரை ஆய்ஞ்சே கை நகமெல்லாம் பச்சையாயிப் போச்சு, நீங்க அங்க போண்டா சாப்புடறீங்களா?"

விசில் திரும்பிவிட்டது. வெளியே காத்திருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "மேடம், உங்க சூப்பு, கீரை, காய் எல்லாம் ரொம்ப நல்லது. அதை விட்டுடாதீங்க. சாஸை மட்டும் குறைச்சு, எலுமிச்சம்பழம் பிழிஞ்சுக்கோங்க. சார், நீங்க போண்டாவை நிறுத்துங்க."

வழி நெடுக அங்கிளுக்கு அர்ச்சனை நடந்தது. அல்சூர் வந்தும் முடியவில்லை. ஆன்ட்டி எலுமிச்சம்பழம் வாங்க இறங்கியபோது நான் மெதுவாகக் கேட்டேன்.

"எந்தக் கடையில அங்கிள் போண்டா?"

"கடையாவது! ஸ்டென்ட் வெச்சதுலேருந்து போண்டா பக்கமே போகலப்பா. எண்ணெய் வாசனையே இப்போ ஒத்துக்கறதில்ல. அவ சூப்பு பழகிடுச்சு." கண்ணாடி வழியே கடையைப் பார்த்தார். ஆன்ட்டி ஒவ்வொரு பழமாக அழுத்திப் பார்த்து ஒதுக்கிக்கொண்டிருந்தார். "டாக்டர் சொன்னப்போ அவ மூஞ்சியப் பாத்தியா நீ?"

பார்த்திருந்தேன். தலையாட்டினேன்.

சாப்பிடாத போண்டாவுக்காக அங்கிள் இன்றுவரை திட்டு வாங்குகிறார். சாயங்கால வாக்கிங்குக்கு ஆன்ட்டியும் காவலுக்குப் போகிறார். இரண்டு பேருமாக அல்சூர் ஏரியைச் சுற்றுவதில் இப்போது ஆன்ட்டிக்கும் மூச்சு வாங்குவதில்லை.

போன வாரம் எனக்கு ஜுரம். இருமல் சத்தம் கீழே கேட்டிருக்க வேண்டும், ஆன்ட்டி கிண்ணத்தோடு வந்துவிட்டார். பின்னாலேயே அங்கிள் கொத்தமல்லித் தட்டோடு.

"எப்படி இருக்கு?"

"உப்பே இல்ல ஆன்ட்டி."

"அப்படித்தான் இருக்கும். குடி."

குடித்தேன். காலி கிண்ணத்தைக் கவிழ்த்துப் பார்த்த பிறகுதான் எழுந்து போனார். மறுநாள் ஜுரம் விட்டது. மாத்திரையாலா, சூப்பாலா என்று எனக்குத் தெரியாது. கீழே போய், சூப்பால்தான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.